கட்டமும் கட்டமில்லாச் சுவரும்: தரியா தௌலத் ஓவியங்களும் நான்கு கட்டச் சித்திரக்கதையும்

ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் பாக் மாளிகைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மேற்குச் சுவரின் முன்பே நேரத்தைச் செலவிடுகிறார்கள். திப்பு சுல்தான் 1784இல் கட்டிய இத்தேக்குமர மாளிகையின் அந்தச் சுவரில், 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் மைசூர்ப் படை ஆங்கிலப் படையை வென்ற போர் விரிந்துகிடக்கிறது. ஆய்வாளர்களின் கவனமும் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. கிழக்குச் சுவரிலோ தர்பார்க் காட்சிகள் வரிசை வரிசையாக, கட்டம் கட்டமாக அமைந்துள்ளன. அவற்றில் இருக்கும் அரசர்களின் பெயர்ப்பட்டியலைச் சொல்லிவிட்டு வழிகாட்டி நூல்கள் நகர்ந்துவிடுகின்றன.

கட்டங்களால் ஆன ஓவியம் நம்மைப் பிடித்து நிறுத்துவது எப்படி என்ற கேள்விக்கு இவ்விரு சுவர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். அந்தக் கேள்வியை இன்று மிகக் கூர்மையாக எழுப்பும் வடிவம் ஜப்பானின் நான்கு கட்டச் சித்திரக்கதை. ஆகவே அதையும் இங்கே துணைக்கு அழைக்கிறேன். ஸ்ரீரங்கப்பட்டணத்து ஓவியர்களுக்கும் ஜப்பானியப் பத்திரிகைகளுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனால் சட்டகம் போட்டு வரைவதா, போடாமல் வரைவதா என்ற சிக்கல் இருவருக்கும் ஒன்றே.

முதலில் மேற்குச் சுவர். ஆங்கிலப் படை சதுர வியூகத்தில் நெருங்கி நிற்கிறது. சிவப்பு அங்கிச் சிப்பாய்கள் ஒரே அச்சில் வார்த்தவர்களைப் போலப் பக்கவாட்டு முகத்தோடு அடுத்தடுத்து வரையப்பட்டிருக்கிறார்கள். சுற்றிலும் மைசூர்க் குதிரைப்படை. வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. நடுவே பல்லக்கில் ஆங்கிலப் படையின் தலைவர் கர்னல் வில்லியம் பெய்லி, விரலை வாயில் வைத்தபடி அமர்ந்திருக்கிறார். அத்தனை குதிரைக் கால்களுக்கும் வாள்களுக்கும் நடுவில் தோல்வியைச் சொல்வது அந்த ஒற்றை விரல்தான். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பார்வையாளருக்குக் கொஞ்ச நேரமாகும். ஏனென்றால் சுவர் எந்த வரிசையையும் தருவதில்லை. வெடிப்பு முந்தியதா, வியூகம் உடைந்தது முந்தியதா என்று ஓவியம் சொல்லாது. எல்லாம் ஒரே சமயத்தில் கண்முன் நிற்கின்றன.

இதை ஓவியரின் இயலாமையாகக் கருதிய காலனியப் பார்வை ஒன்று உண்டு. தொலைவு சிறுத்துத் தெரியும் ஐரோப்பிய முறையே வரலாற்று ஓவியத்துக்கு உரியது என்ற அந்த எண்ணத்தையும், திப்புவைச் சுற்றி எழுந்த ஓவியப் போட்டியையும் ஜானகி நாயர் 2006இல் விரிவாக ஆராய்ந்தார். அதற்கு மேல் ஒன்று சொல்ல வேண்டும். இச்சுவரின் ஓவியர்கள் நிகழ்ச்சியைத் துண்டாக்க மறுத்தது வேண்டுமென்றே செய்த தேர்வு. இப்போர்க்காட்சியின் தாள் வடிவம் ஒன்று 2022இல் லண்டனில் ஏலம் போனது. பத்துப் பெரிய தாள்களைச் சேர்த்து, ஏறத்தாழ 32 அடி நீளத்துக்குச் செல்லும் படைப்பு அது. தாள்கள் தனித்தனி. ஆயினும் போர் தாளுக்குத் தாள் தடையின்றிப் பாய்கிறது. கட்டம் பிரிக்க வாய்ப்பு கையிலேயே இருந்தது. அதை அவர்கள் விரும்பவில்லை. வெற்றி தங்களைச் சூழ்ந்து நிற்க வேண்டும் என்பதே அந்தச் சுவரின் நோக்கம்.

நான்கு கட்டச் சித்திரக்கதை இதற்கு நேரெதிர்த் துருவத்தில் நிற்கிறது. ஜப்பானில் யோன்கோமா எனப்படும் இவ்வடிவத்தில் ஒரே அளவுள்ள நான்கு கட்டங்கள் மேலிருந்து கீழாக அடுக்கப்படும். ஹசெகாவா மாச்சிகோவின் ‘சசாயே-சான்’ 1946இல் தொடங்கி 1974 வரை நாளிதழில் வந்தது இந்தச் சிறிய இடத்தில்தான். தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு என்ற நான்கடிச் சீனக் கவிதை மரபின் அமைப்பே இதன் இலக்கணம் என்று சொல்வது வழக்கம். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. திருப்பம்தான் ஈர்ப்பு என்றால் ஒருமுறை படித்த துணுக்கை மறுமுறை யாரும் புரட்ட மாட்டார்கள். மக்கள் புரட்டுகிறார்கள்.

1999 முதல் 2002 வரை வெளிவந்த அஸுமா கியோஹிகோவின் ‘அஸுமாங்கா தாயோ’ இதற்குச் சரியான சான்று. உயர்நிலைப் பள்ளி மாணவிகள் சிலரின் மூன்றாண்டு வாழ்க்கையே கதை. அதில் சகாகி என்ற உயரமான, அதிகம் பேசாத பெண் தெருப்பூனையைத் தடவிக்கொடுக்க ஆசைப்பட்டுக் கையை நீட்டுகிறாள், பூனை கடிக்கிறது. இது ஒருமுறை அல்ல, தொடர் முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கிறது. என்ன நடக்கும் என்று வாசகருக்கு முன்பே தெரியும். பின்னணி பல கட்டங்களில் வெறும் வெள்ளை. உருவங்களின் அளவும் கோணமும் அதிகம் மாறுவதில்லை. அதனாலேயே கை ஓர் அங்குலம் முன்னே வருவது நிகழ்ச்சியாகிறது. யாரும் பேசாத ஒரு கட்டம் காலமாகிறது. சட்டகம் அசையாமல் நிற்பதால் அதனுள் அசைவது எதுவானாலும் கண்ணில் படும். நான்கு கட்ட ஓவியத்தின் எளிமையை வரையத் தெரியாமையாக எடுத்துக்கொள்பவர்கள் தவறவிடுவது இந்தக் கட்டுப்பாட்டைத்தான். பெரிய கட்டம், பக்கம் முழுதும் பரவும் சித்திரம் என வேறு சித்திரக்கதைக்காரர்களுக்கு இருக்கும் வசதிகளைத் துறந்துவிட்டு, கோட்டின் நுட்பம் ஒன்றையே நம்பி வரையும் கலை இது.

இந்தக் கண்ணோடு கிழக்குச் சுவருக்குத் திரும்பலாம். தஞ்சை அரசர், காசி அரசர், பேஷ்வா பாலாஜி ராவ், மாகடி கெம்பேகௌடர், சித்ரதுர்க்கத்து மதகரி நாயகர் முதலியோர் தத்தம் தர்பாரில் வீற்றிருக்கிறார்கள். இவர்கள் ஒரே அவையில் கூடியவர்கள் அல்லர். எல்லோரும் ஒரே ஊரினரும் அல்லர். சித்ரதுர்க்கத்தைத் திப்புவின் தந்தை ஹைதர் அலி 1779இல் வென்று மதகரியைச் சிறைப்பிடித்தார். 1781இல் ஹைதரின் படை தஞ்சை நாட்டைச் சூறையாடியது. அந்தக் கொடுமை ‘ஹைதர் கலாபம்’ என்று தஞ்சை வட்டாரத்தில் நெடுங்காலம் பேசப்பட்டது. ஆனால் சுவரில் தஞ்சை அரசரும் மதகரியும் தோற்றவர்களாக இல்லை. மற்றவர்களைப் போலவே தர்பார், அவர்களைப் போலவே அமர்வு. மேற்கில் பெய்லிக்குக் கிடைக்காத மரியாதையைக் கிழக்கில் அவர்களுக்குக் கொடுத்தது சட்டகம். போரைவிட்டு வெளியே எடுத்து, காலத்தைவிட்டு வெளியே எடுத்து, ஒவ்வொருவரையும் அவரவர் கட்டத்தில் அது உட்கார்த்திவைக்கிறது. ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருவதால் பார்வை தானாகவே ஒப்பிடத் தொடங்குகிறது: இவர் தலைப்பாகை, அவர் ஆசனம், சூழ நிற்பவர்கள். திருப்பம் ஏதும் இல்லாமலே கால்கள் அடுத்த கட்டத்துக்கு நகர்கின்றன.

கிழக்குச் சுவரில் கதைத்தொடர்ச்சி இல்லையே, அதைச் சித்திரக்கதையோடு எப்படிச் சேர்ப்பது என்று கேட்கலாம். நியாயமான மறுப்புதான், அதைச் சித்திரக்கதை என்று நானும் அழைக்கவில்லை. ஆனால் இந்த மறுப்பு ஒன்றைத் தெளிவாக்குகிறது. கட்டம் தரும் இன்பத்துக்குக் கதை கட்டாயமில்லை. கதை இருக்கும்போது அந்த இன்பம் அதன் அடியில் ஒளிந்துகொள்கிறது, இல்லாதபோது வெளியே தெரிகிறது. யோன்கோமாவில் நான்காம் கட்டம் சிரிப்பு மூட்டாமலே முடிந்தும் வாசகர் ஏமாறாததற்கு இதுவே காரணம்.

இன்று நாம் காணும் கோடு எவருடையது என்ற சிக்கலும் உண்டு. போர்க்காட்சி, 1799இல் ஆங்கிலேயர் நடத்திய ஸ்ரீரங்கப்பட்டணத்து முற்றுகைக்கு முன் அழிக்கப்பட்டது. அதற்குப் பின் இங்கே குடியிருந்த ஆங்கிலத் தளபதி ஆர்தர் வெல்லஸ்லி அதைச் சீர்செய்வித்தார். மறுபடி மங்கியபோது, மைசூருக்கு வந்த கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபுவின் ஆணைப்படி, பழைய ஓவியத்தை நினைவில் வைத்திருந்த உள்ளூர் ஓவியர் ஒருவர் அதைத் திரும்ப வரைந்தார். மங்கிப்போன ஒரு திறந்த சுவரை நினைவிலிருந்து மீட்பது எத்தனை கடினம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கே பிடித்துத் தொடங்குவது என்று காட்ட அதில் ஒரு கோடுகூடக் கிடையாது. வென்றவர்களே தங்கள் தோல்வியின் ஓவியத்தைக் காப்பாற்றிய வியப்பைப் பலர் எழுதியிருக்கிறார்கள். பெயர் பதியப்படாத அந்த ஓவியரின் நினைவாற்றல் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

இப்போது மாளிகை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. வெயில் சுவரைத் தொடாதபடி பச்சைத் திரைகள் தொங்குகின்றன. ஆனால் பாதுகாப்பு மட்டும் போதாது, முறையான பதிவும் வேண்டும். அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. திருவாரூர்த் தியாகராசர் கோயில் தேவாசிரிய மண்டபத்தில் முசுகுந்தன் என்ற அரசனின் கதை 17ஆம் நூற்றாண்டில் விதானத்தில் பட்டை பட்டையாக, தமிழ்க் குறிப்புகளோடு தீட்டப்பட்டுள்ளது. அதை வி.கே. ராஜாமணியும் டேவிட் சுல்மனும் 2011இல் முழு நூலாகக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு காட்சியாக நின்று, அதன் எழுத்தையும் படித்து உருவான வேலை. கிழக்குச் சுவருக்கும் அதே முறை வேண்டும்: கட்டம் ஒவ்வொன்றும் ஒரே அளவில் படமெடுக்கப்பட்டு, மேல் வரிசையிலிருந்து கீழாக எண்ணிடப்பட்டு, எந்தக் கோடு பழையது, எது பின்னால் தீட்டியது என்ற குறிப்போடு அச்சாக வேண்டும்.