மறுபிறப்பும் மீட்பும்: தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் ஒரு சொல் வரலாறு

நெய்வேலிக்கு அணித்தாகிய விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலில் அம்மையின் திருப்பெயர் பெரியநாயகி. அந்நகரை அடுத்த கோனான்குப்பத்துத் தேவாலயத்தில் கன்னி மரியாளின் திருப்பெயரும் பெரியநாயகியே. அவ்வாலயத்தை நிறுவியவர் வீரமாமுனிவர் என்பது மரபு. வழங்கிவந்த பெயரை முனிவர் விலக்கவில்லை; அதனுள் தம் சமயப் பொருளை வைத்தார். பெயரளவில் இம்முறை எளிது. கோட்பாட்டுச் சொற்களில் இஃது எங்ஙனம் இயன்றது? படைப்பு, புதுப்பித்தல், மீட்பு என்னும் மூன்றையும் கொண்டு இதனை ஆராய்வாம்.

படைப்பில் இடர் வெளிப்படவில்லை. உயிர்கள் அநாதி என்பது சைவ சித்தாந்தம். இல்லாமையினின்று இறைவன் படைத்தான் என்பது கிறித்தவம். எனினும், சிருஷ்டி என்றாலும் படைப்பு என்றாலும் சொல் இரு சாரார்க்கும் பொதுவாயிற்று; வேற்றுமை உள்ளே மறைந்துகிடந்தது. மீட்பு என்பதோ பழந்தமிழ்ச் சொல். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டல் கரந்தைத் திணை; அடகு வைத்த நகையை மீட்டல் அன்றாட வழக்கு. இழந்த உடைமையை உரியவனே வந்து மீட்கின்றான் என்னும் கருத்து இச்சொல்லிலேயே அமைந்துள்ளது. இரட்சிப்பு என்னும் வடசொல்லுக்கு இப்பொருட்செறிவு இல்லை என்பது எம் துணிபு.

இடரெல்லாம் நடுவணதாகிய புதுப்பித்தலில்தான். கிறித்தவ மறை அதனைப் பிறப்பு என்னும் உருவகத்தால் உணர்த்துகின்றது. தமிழ்ச் சமய மரபிலோ பிறவி அறுதலே வீடுபேறு. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் என்னும் இராபர்ட் தெ நோபிலி, மறுபிறவிக் கொள்கையை மறுக்கவே புனர்ஜென்ம ஆக்ஷேபம் என்னும் நூலை இயற்றினார். ஆயினும் சீர்திருத்தத் திருச்சபையார் ஓதும் பழைய தமிழ் விவிலியத்தில், தீத்துவுக்கு எழுதிய திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில், திருமுழுக்கைக் குறிக்க மறுஜென்மம் என்னும் சொல்லே ஆளப்பட்டுள்ளது. தத்துவபோதகர் வாயிலில் நிறுத்திய சொல் திருமறைக்குள் புகுந்துவிட்டது! பிறவிப் பிணிக்கு அஞ்சிய தமிழனிடம், மீளப் பிறந்தாலன்றி உய்வில்லை என்று கூறுவது எத்துணை முரணாகத் தோன்றியிருக்கும்!

இம்முரணை உரைநடை வாதம் தீர்க்கவில்லை. காப்பியமே ஓரளவு தீர்த்தது. 1726இல் முற்றிய தேம்பாவணியில் வீரமாமுனிவர் யோசேப்பை வளன் ஆக்கினார். பெருகுதல் என்னும் எபிரேயப் பொருளை உட்கொண்ட தமிழாக்கம் இது. யூதேய நாட்டைத் தமிழ்க் காப்பிய மரபின்படி நாட்டுப் படலத்தால் தொடங்கினார். புதியது பழைய வடிவிலேயே பிறந்தது.

இன்னும் ஆழமாகச் சென்றவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900). வைணவ மரபில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். சான் பன்யன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உருவக நூலைத் தழுவி, 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை அளித்தார். ஐந்து பருவங்களுள் முதலாவது ஆதி பருவம். இறுதியது இரட்சணிய பருவம். பன்யன் நூலுக்கு இப்பருவப் பகுப்பு இல்லை. தமிழ் மரபு பல பிறவிகளில் பரப்பிக் காட்டிய உயிரின் நெடும்பயணம், ஈண்டு ஒரே பிறவியின் வழிநடையாகச் சுருங்குகின்றது. இதனை அவர் கருதியே செய்தார் என யாம் சாதிக்க முற்படவில்லை. நூலமைப்பு அங்ஙனம் நிற்கின்றது என்பதே எம் கருத்து.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு மறுஜென்மம் என்பதை நீக்கிப் புதுப்பிறப்பு என்றது. இரட்சிப்புக்கு ஈடாக மீட்பு என்றது. இரண்டாவது மாற்றம் ஊதியமே. முதலாவதில் மயக்கம் நீங்கியது உண்மை. ஆனால், பிறவாமையை வேண்டி நின்ற செவியில் மறுஜென்மம் எழுப்பிய அதிர்ச்சியும் உடன் நீங்கிற்று.