21 வயசுல ஒரு பாராட்டு விழா: மெட்டாலிகாவும் எம்டிவியும்

பாராட்டு விழான்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மேடையில வரிசையா நாற்காலி, பொன்னாடை, ஆளுயர மாலை, ஒருத்தர் மாத்தி ஒருத்தரா புகழுற பேச்சு. நடுவுல உட்கார்ந்திருக்கிறவர் கூச்சத்தோட சிரிச்சுக்கிட்டே இருப்பார். எல்லாம் முடிஞ்ச பிறகு மனசுல ஒரு சின்ன சந்தேகம் வரும். இவரைக் கொண்டாடுறாங்களா, இல்ல வழியனுப்பி வைக்கிறாங்களா?

இந்த எபிசோட் அந்த சந்தேகத்தைப் பத்தினதுதான். இடம் லாஸ் ஏஞ்சலஸ், வருஷம் 2003. மே 3ஆம் தேதி பதிவு பண்ணி, 6ஆம் தேதி டிவியில வந்த 'எம்டிவி ஐகான்: மெட்டாலிகா' நிகழ்ச்சி.

முதல்ல ஒரு விசித்திரமான ஒற்றுமை. எம்டிவி சேனல் தொடங்கினது 1981 ஆகஸ்ட். மெட்டாலிகா தொடங்கினது அதே 1981 அக்டோபர். கிட்டத்தட்ட ஒரே வயசு. ஆனா சின்ன வயசுல ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. எம்டிவியில தலைமுடியை ஊதிவிட்ட, மேக்கப் போட்ட பேண்டுகளோட வீடியோ ஓடிக்கிட்டிருந்த காலம் அது. மெட்டாலிகா வாசிச்சது த்ராஷ் மெட்டல். வேகம், கோபம், எட்டு நிமிஷப் பாட்டு. வீடியோவே எடுக்க மாட்டோம்னு இருந்தாங்க. 1986ல வந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பம், வீடியோ இல்லாம, பெரிசா ரேடியோ ஆதரவும் இல்லாம அமெரிக்காவுல 5 லட்சம் பிரதி தாண்டுச்சு. ரசிகர்களுக்கு அது ஒரு கௌரவப் பிரச்சினை. எங்க பேண்டுக்கு எம்டிவி தேவையில்லைன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டாங்க.

அதே 1986 செப்டம்பர்ல பெரிய அடி. ஸ்வீடன்ல டூர் பஸ் கவிழ்ந்து பேஸ் கிதாரிஸ்ட் கிளிஃப் பர்ட்டன் இறந்துட்டார். அவருக்கு 24 வயசு. அவர் இடத்துக்கு ஜேசன் நியூஸ்டெட் வந்தார்.

1989ல தான் விரதம் கலைஞ்சது. 'ஒன்' பாட்டுக்கு முதல் வீடியோ. போர்ல கை, கால், பார்வை, கேட்கும் சக்தி எல்லாம் இழந்த ஒரு சிப்பாயோட கதை. 'ஜானி காட் ஹிஸ் கன்'ங்கிற 1971 படத்தோட காட்சிகளைக் கலந்து எடுத்திருந்தாங்க. எம்டிவி அதை ஓட்டுச்சு, ஜனங்க திரும்பத் திரும்பக் கேட்டாங்க. 1991ல வந்த கறுப்பு அட்டை ஆல்பத்துக்கு அப்புறம், இந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தவிர்க்கவே முடியாதுன்னு ஆயிடுச்சு.

இப்போ 2000க்கு வருவோம். பாட்டை இலவசமா பகிர வச்ச நாப்ஸ்டர் மேல மெட்டாலிகா வழக்கு போடுது. டிரம்மர் லார்ஸ் உல்ரிக் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களோட பட்டியலை நாப்ஸ்டர் ஆபீஸ்ல கொண்டுபோய்க் கொடுத்தார். அதுல இருந்தவங்க யாரு? இவங்களோட சொந்த ரசிகர்கள்! அந்த வருஷ எம்டிவி விருது விழாவுல நாப்ஸ்டரை உருவாக்கின ஷான் ஃபேன்னிங் மெட்டாலிகா டிஷர்ட்டைப் போட்டுக்கிட்டே மேடை ஏறினார். அதைவிட நாசூக்கா ஒருத்தரைக் குத்திக்காட்ட முடியாது.

அடுத்து உள்ளுக்குள்ளேயே உடைய ஆரம்பிச்சது. 2001 ஜனவரியில நியூஸ்டெட் வெளியேறினார். ஜூலையில பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் குடிப்பழக்கத்துல இருந்து மீள சிகிச்சைக்குப் போனார். திரும்பி வந்தவர், ஒரு நாளைக்கு சில மணிநேரம் மட்டும்தான் வேலைன்னு கறாரா சொன்னார். பேண்டுக்குள்ள சண்டையைத் தீர்க்க ஒரு மனநல ஆலோசகரையே கூட வச்சுக்கிட்டாங்க. 'சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்' ஆவணப்படத்துல இதெல்லாம் அப்படியே இருக்கு. மெட்டல் பேண்ட்னா இரும்பு மனுஷங்கன்னு நினைச்சவங்களுக்கு அது அதிர்ச்சி. புதுசா ராபர்ட் ட்ருஹியோ பேஸுக்கு வந்தது 2003 பிப்ரவரி.

அதாவது, பாராட்டு விழா நடக்கும்போது பேண்டோட நாலாவது ஆள் சேர்ந்து மூணே மாசம். புது ஆல்பம் வர இன்னும் ஒரு மாசம் இருக்கு. இந்த பேண்ட் தேறுமா தேறாதான்னு யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு நேரத்துல, 'நீங்க பெரிய சாதனையாளர்'னு மாலை போடுறாங்க.

யார் வந்து பாடினாங்கன்னு பாருங்க. கார்ன் 'ஒன்' வாசிச்சாங்க. லிம்ப் பிஸ்கிட், ஸ்டெயிண்ட், சம் 41 வந்தாங்க. ஸ்னூப் டாக் 'சாட் பட் ட்ரூ'வைத் தன் பாணியில பாடினார். அவ்ரில் லவீன் 'ஃப்யூயல்' பாடினாங்க. அவங்களுக்கு அப்போ 18 வயசு. மெட்டாலிகாவோட முதல் ஆல்பம் வந்தப்போ அவங்க பிறக்கவே இல்ல.

பாடினவங்கள்ல யார் இல்லங்கிறதும் முக்கியம். கூடவே வளர்ந்த ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ்னு ஒருத்தரும் இல்ல. எம்டிவி கூப்பிட்டது, அப்போ எம்டிவியில ஓடிக்கிட்டிருந்த முகங்களை. இதோட இன்னொரு பாராட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1995 டிசம்பர்ல மோட்டார்ஹெட் பாடகர் லெம்மியோட 50ஆவது பிறந்தநாளுக்கு, இதே மெட்டாலிகா லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு சின்ன கிளப்புல வாசிச்சாங்க. நாலு பேரும் லெம்மி மாதிரியே கறுப்பு விக், அவர் மாதிரியே உடை போட்டுக்கிட்டு, அவர் பாட்டையே வாசிச்சாங்க. அதுல மரியாதையும் இருந்துச்சு, கூட்டாளியோட குறும்பும் இருந்துச்சு. டிவி பாராட்டுல கணக்கும் சேர்ந்துக்குது. பெரிய பேரைக் கொண்டாடின பெருமை சேனலுக்கு, புது ஆல்பத்துக்கு விளம்பரம் பேண்டுக்கு.

ஆனா அதுக்காக அந்த ராத்திரியை வெறும் வியாபாரம்னு ஒதுக்கவும் முடியாது. ஒரு ராப் பாடகரும் ஒரு பாப் பாடகியும் உங்க பாட்டைத் தங்களோட குரல்ல பாடுறாங்கன்னா, அந்தப் பாட்டு உங்க கூட்டத்தோட வேலியைத் தாண்டிடுச்சுன்னு அர்த்தம். அதை எந்த விருதும் சொல்லாது.

கடைசியா மெட்டாலிகாவே மேடை ஏறினாங்க. பழைய பாட்டுகள் கலந்த ஒரு மெட்லி. அதோட நிறுத்தியிருந்தா எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பாங்க. அவங்க நிறுத்தல. இன்னும் வெளிவராத 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்துல இருந்து 'ஃப்ராண்டிக்' வாசிச்சாங்க. கரடுமுரடான, கிதார் சோலோ இல்லாத பாட்டு. ஜூன்ல வந்த அந்த ஆல்பம் அமெரிக்காவுல முதலிடம் பிடிச்சது. தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்குன்னு அதோட டிரம் சத்தத்தை இன்னைக்கு வரைக்கும் கிண்டல் பண்றாங்க. ஆல்பம் நல்லதா கெட்டதாங்கிற சண்டை தனி. ஆனா மாலையைக் கழுத்துல வாங்கிக்கிட்டு, அடுத்த நிமிஷமே 'எங்க வேலை முடியல'ன்னு காட்டினதுதான் அந்த ராத்திரியோட உண்மையான சங்கதின்னு எனக்குத் தோணுது.

அப்புறம் என்ன ஆச்சு? ஐகான் வரிசை 2004ல தி க்யூர் பேண்டோட நின்னுபோச்சு. எம்டிவி மெல்ல மெல்லப் பாட்டை விட்டு ரியாலிட்டி ஷோ பக்கம் போயிடுச்சு. மெட்டாலிகா 2023லயும் ஆல்பம் போட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்'ல எடி மன்சன் கிதாரைத் தூக்கினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 36 வருஷப் பழைய 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டு அதுக்கப்புறம்தான், வாழ்க்கையில முதல் தடவையா, பில்போர்டு ஹாட் 100 பட்டியலுக்குள்ள நுழைஞ்சது. மாலை இல்ல, பேச்சு இல்ல. ஒரு கதையில ஒரு பையன் அந்தப் பாட்டை உயிரைக் கொடுத்து வாசிச்சான், அவ்வளவுதான்.

உங்களுக்குப் பிடிச்ச பேண்டுக்கு யாராவது பாராட்டு விழா எடுத்தா, பேச்சையெல்லாம் விட்டுடுங்க. கடைசியில அவங்க என்ன பாட்டு வாசிக்கிறாங்கன்னு மட்டும் கவனிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.