ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியே போன ஐந்து நிமிடம்



படிப்பிக்கிற எல்லோருக்கும் பழக்கமான காட்சி இது. அதிபர் கூப்பிடுகிறார் என்று ஆசிரியர் அலுவலகத்துக்குப் போகிறார். திரும்பி வருவதற்குள் வகுப்பு சந்தையாகிவிடுகிறது. ஒரு பிள்ளை அழுதுகொண்டு நிற்கிறது. இன்னொரு பிள்ளையின் சேர்ட் பொத்தான் அறுந்து கிடக்கிறது. "நான் இருந்தால் மூச்சு விடமாட்டார்கள், கொஞ்சம் நகர்ந்தால் போதும், குரங்குச் சேட்டைதான்" என்று ஓய்வறையில் சொல்லிக்கொள்கிறோம். சொல்லும்போது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருக்கும். அமைதிக்குக் காரணம் நமது திறமை, சண்டைக்குக் காரணம் பிள்ளைகளின் குணம். இதுதான் நமது கணக்கு.

இந்தக் கணக்கை 1930களின் இறுதியில் ஒருவர் சோதித்துப் பார்த்தார். சமூக உளவியலுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான கேர்ட் லெவின். அவருடைய கதையை அறிந்துகொண்டால்தான் அந்தச் சோதனையின் கனம் விளங்கும்.

லெவின் 1890இல் அன்றைய பிரஷ்யாவின் மொகில்னோ என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. முதலாம் உலகப் போரில் ஜேர்மன் இராணுவத்தில் நின்று காயப்பட்டார். பிறகு பேர்லினில் உளவியல் கற்பித்தார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், தான் இரத்தம் சிந்திய நாட்டில் தனக்கு இனி இடமில்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அந்த ஆண்டே அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். 1935இல் அயோவா பல்கலைக்கழகத்தின் சிறுவர் நல ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். ஐரோப்பாவிலேயே இருந்துவிட்ட அவருடைய தாயார் பின்னர் நாஸிகளின் மரண முகாமொன்றில் கொல்லப்பட்டார். அடக்குமுறை மனிதர்களை என்ன செய்கிறது என்பது அவருக்கு வெறும் ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது.

1936இல் வந்த தனது நூலில் அவர் ஒரு சிறிய சூத்திரத்தை எழுதினார். ஒருவரின் நடத்தை அவருடைய ஆளுமையாலும் அவர் இருக்கும் சூழலாலும் சேர்ந்தே உருவாகிறது என்பதுதான் அதன் பொருள். இன்று கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் ஒரு பிள்ளை சண்டை பிடித்தால் நாம் பார்ப்பது அந்தப் பிள்ளையை மட்டும்தான். "குடும்பமே அப்படித்தான்" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். அந்தச் சூழலை யார் உண்டாக்கியது என்று கேட்பதில்லை.

லெவினும் அவருடைய மாணவர் ரொனால்ட் லிப்பிட்டும் முதலில் இரண்டு சிறுவர் கழகங்களை அமைத்தார்கள். ஒவ்வொன்றிலும் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் ஐந்து பேர். வேலை முகமூடி செய்வது. ஒரு கழகத்தில் தலைவர் சர்வாதிகாரி. என்ன செய்வது, யாருடன் சேர்ந்து செய்வது எல்லாவற்றையும் அவரே சொல்வார். ஒரு நேரத்தில் ஒரு படியைத்தான் சொல்வார், அடுத்தது என்ன என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. புகழ்வதும் குறை சொல்வதும் ஆளைப் பார்த்துத்தான், காரணம் சொல்லமாட்டார். மற்றக் கழகத்தில் பிள்ளைகள் பேசி முடிவெடுப்பார்கள். தலைவர் முழு வேலையின் வரைபடத்தையும் முதலிலேயே காட்டுவார், இரண்டு மூன்று வழிகளைச் சொல்லித் தெரிவு செய்ய விடுவார், வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்வார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சர்வாதிகாரத் தலைவர் அடிக்கவில்லை, ஏசவில்லை. கொஞ்சம் ஒதுங்கி நின்று கட்டளையிட்டார், அவ்வளவுதான். நம்மில் பலர் "கண்டிப்பான ஆசிரியர்" என்று பாராட்டக்கூடிய ஒருவர்தான் அவர்.

முடிவு என்ன? சர்வாதிகாரக் கழகத்தில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பகைமை காட்டியது மற்றதைவிட 30 மடங்கு அதிகம். "நாங்கள்" என்று பேசுவது ஜனநாயகக் கழகத்தில் கூடுதல், "நான்" என்று பேசுவது சர்வாதிகாரக் கழகத்தில் கூடுதல். இன்னொன்றுதான் மனதை அதிகம் வருத்துவது. அந்தப் பிள்ளைகளின் கோபம் தலைவரை நோக்கிப் போகவே இல்லை. தங்களில் ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து வதைத்தார்கள். அந்தப் பிள்ளை கழகத்துக்கு வருவதையே நிறுத்தியது. பிறகு இன்னொரு பிள்ளையைப் பிடித்தார்கள். அதுவும் வராமல் போனது. பன்னிரண்டே சந்திப்புகளில் இரண்டு பிள்ளைகள்.

மேலே இருந்து வரும் அழுத்தத்தைத் திருப்பி மேலே அனுப்ப முடியாதபோது அது பக்கத்தில் இருக்கிற பலவீனமானவர் மேல் இறங்குகிறது. தன் நாட்டில் அதைக் கண்டு வந்தவர், அயோவாவின் ஓர் அறையில் முகமூடி செய்த பிள்ளைகளிடமும் அதன் சிறு வடிவத்தைக் கண்டார்.

இரண்டாவது சோதனை 1938இல் நடந்தது. ரல்ப் வைட் என்ற இளம் ஆய்வாளரும் சேர்ந்துகொண்டார். பத்து வயது ஆண்பிள்ளைகள் ஐந்து பேர் கொண்ட நான்கு கழகங்கள். ஆறு வாரங்களுக்கு ஒரு முறை தலைவர் மாறுவார், தலைமை முறையும் மாறும். ஒரே பெரியவர் ஓரிடத்தில் சர்வாதிகாரியாகவும் இன்னோரிடத்தில் ஜனநாயகத் தலைவராகவும் நடந்துகொண்டார். விளைவுக்குக் காரணம் தலைவரின் பிறவிக் குணமா, அவர் நடத்தும் முறையா என்று பிரித்தறியத்தான் இந்த ஏற்பாடு.

இதில் ஒரு தவறும் நடந்தது, அந்தத் தவறும் பயன்பட்டது. ஜனநாயகத் தலைவராக இருக்க வேண்டிய வைட், பிள்ளைகளைப் போனபோக்கில் விட்டுவிட்டார். லெவின் அதைத் தூக்கி வீசவில்லை. இது ஜனநாயகமல்ல, மூன்றாவது வகை என்று கண்டு அதையும் சோதனையில் சேர்த்துக்கொண்டார். அப்படி விடப்பட்ட பிள்ளைகளிடம் வேலையும் குறைவு, சண்டையும் அதிகம். ஆகவே "பிள்ளைகளைச் சும்மா விட்டுவிடச் சொல்கிறீர்களா?" என்று கேட்பவர்களுக்கு இந்த ஆய்விலேயே பதில் இருக்கிறது. இல்லை.

சர்வாதிகாரச் சூழலில் இம்முறை இரண்டு விதமான விளைவு தெரிந்தது. சில பிள்ளைகள் முரடர்களானார்கள். பெரும்பாலானவர்கள் அடங்கிப்போனார்கள். சிரிப்பில்லை, விளையாட்டில்லை, தலையைக் குனிந்து வேலை. சர்வாதிகாரத்தின் முதல் நாளில், கலகலப்பாக இருந்த பிள்ளைகளின் முகங்கள் அரை மணித்தியாலத்துக்குள் வாடிப்போனதைப் பார்த்தது தன்னை எவ்வளவு பாதித்தது என்று லெவின் பின்னர் எழுதியிருக்கிறார்.

நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். தலைவர் முன்னால் நிற்கும்போது, அடங்கிப்போன இந்தப் பிள்ளைகள்தான் கூடுதலாக வேலை செய்தார்கள். நேரத்தில் நூற்றுக்கு 74 பங்கு. ஜனநாயகக் கழகத்தில் 50 பங்குதான். கண்டிப்பு பலன் தருகிறது என்று நாம் நம்புவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். இடையிடையே தலைவர் வேண்டுமென்றே அறையை விட்டு வெளியே போனார். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று மறைவில் இருந்தவர்கள் குறித்தார்கள். 74 பங்கு 29க்கு இறங்கியது. அடக்கி வைத்திருந்த சண்டை வெடித்தது. ஜனநாயகக் கழகத்தில் 50 பங்கு 46 ஆனது. தலைவர் போனது பெரிய விஷயமாகவே இல்லை. அந்த வேலை அவர்களுடைய வேலை.

அப்படியானால் நாம் பெருமைப்பட்ட அந்த அமைதி ஒழுக்கமல்ல, தள்ளிப்போடப்பட்ட சண்டை.

எந்தத் தலைவரைப் பிடித்தது என்று பிறகு பிள்ளைகளிடம் கேட்டார்கள். இருபது பேரில் 19 பேர் ஜனநாயகத் தலைவரையே விரும்பினார்கள். சர்வாதிகாரத் தலைவரை விரும்பிய ஒரே பிள்ளை ஓர் இராணுவ அதிகாரியின் மகன். வீட்டுச் சூழலும் பிள்ளையோடு கூடவே வகுப்புக்கு வருகிறது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

இது சிறிய ஆய்வு. இரண்டாவது சோதனையில் ஆண்பிள்ளைகள் மட்டும்தான். ஜனநாயகம் நல்லது என்று சொல்லி வளர்க்கும் நாட்டுப் பிள்ளைகள். ஆய்வாளர்களும் அதே நம்பிக்கை உள்ளவர்கள். 40 பேர் இருக்கிற வகுப்புக்கு இதை அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஆனாலும் கழகம் மாறியபோது அதே பிள்ளை வேறு பிள்ளையாக நடந்துகொண்டது என்பதை எளிதில் தள்ளிவிட முடியாது.

நமக்கு இது புதிய பாடமும் அல்ல. அனஸ் (ரலி) அவர்கள் சிறு வயதில் நபி (ஸல்) அவர்களுக்குப் பத்து வருடம் பணிவிடை செய்தார்கள். அந்தப் பத்து வருடத்தில் ஒரு தடவைகூட "சீ" என்ற சொல்லைத் தான் கேட்டதில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். இந்த ஹதீஸை நாம் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுக்கிறோம். சில வேளை கையில் பிரம்போடு.

லெவின் 1947 பெப்ரவரியில், 56 வயதில், மாரடைப்பால் இறந்தார். அவர் விட்டுச் சென்ற கேள்வி இன்னும் நமது வகுப்பறை வாசலில் நிற்கிறது. ஒரு பிள்ளை சில நாட்களாகப் பாடசாலைக்கு வராவிட்டால் "சோம்பேறி" என்று இடாப்பை மூடுவதற்கு முன், வகுப்பில் அந்தப் பிள்ளையை யார் வதைத்தார்கள் என்று தேடுவோம். தேடிக் கண்டுபிடித்தபின், அவர்களுக்கு அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்றும் தேடுவோம். அந்தத் தேடல் நம்மிடமே வந்து முடியலாம். பெற்றோர்களே, வீட்டில் தம்பியை அடிக்கிற மூத்த பிள்ளைக்கும் இதே கணக்குத்தான்.

அடுத்த முறை அலுவலகத்துக்குப் போய்த் திரும்பி வரும்போது, கதவடியில் ஒரு நிமிடம் நின்று கேட்போம். உள்ளே கேட்கிற சத்தம் பிள்ளைகளைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. நம்மைப் பற்றியும் சொல்கிறது.