‘புல் அப்’ என்று கத்தும் பெட்டி

1966 ஜனவரி 24 அன்று காலை, ஏர் இந்தியாவின் ‘காஞ்சன்ஜங்கா’ என்ற போயிங் 707 விமானம் ஜெனீவாவில் இறங்குவதற்காகத் தாழ்ந்துகொண்டிருந்தது. எஞ்சின்கள் ஓடின, இறக்கைகள் சரியாக இருந்தன, விமானி கண் விழித்துத்தான் இருந்தார். மோன் பிளாங்க் சிகரத்தைத் தாண்டிவிட்டதாக அவர் நினைத்தார், தாண்டியிருக்கவில்லை. மலையில் மோதி 117 பேர் இறந்தார்கள். இந்திய அணுவியலின் தந்தை எனப்படும் ஹோமி பாபாவும் அவர்களில் ஒருவர்.

நல்ல விமானம், தேர்ந்த விமானி, நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மலை. ஜெட் யுகம் தொடங்கிய பிறகு பயணிகளை அதிகமாகக் காவு கொண்டது இந்த வகை விபத்துதான். இன்று அது அரிதாகிவிட்டது. அதற்கு முதன்மையான காரணம், விமானத்தின் மின்னணுக் கருவிகளுக்கு நடுவே செருகப்பட்டிருக்கும் ஒரு சிறு பெட்டி. விமானிகள் அதை ஜி.பி.டபிள்யூ.எஸ். என்பார்கள். தரை நெருங்கினால் எச்சரிப்பது அதன் வேலை.

பெட்டிக்கு முன்பே அதன் காது பிறந்துவிட்டது. விமானத்தின் சாதாரண உயரமானி காற்றழுத்தத்தை வைத்துக் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று சொல்லும். கீழே இருப்பது கடலா, வயலா, ஒன்பதாயிரம் அடி மலையா என்பது அதற்குத் தெரியாது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லாயிட் எஸ்பென்ஷீட் வேறு வழி கண்டார். விமானத்தின் வயிற்றிலிருந்து அதிர்வெண் ஏறி இறங்கும் ரேடியோ அலையைக் கீழே அனுப்ப வேண்டும். அது தரையில் பட்டுத் திரும்புவதற்குள் அனுப்பும் அலையின் அதிர்வெண் சற்று மாறியிருக்கும். அந்த வித்தியாசமே தரைக்கு மேல் எவ்வளவு உயரம் என்பதைக் காட்டிக்கொடுக்கும். 1938இல் இதை ஒரு விமானத்தில் இயக்கிக் காட்டினார்கள். கீழ்நோக்கிய ரேடார் என்றே இதைச் சொல்லலாம். 1960களில் பல ஜெட் விமானங்களில் இந்த ரேடியோ உயரமானி இருந்தது. மேகமூட்டத்தில் ஓடுபாதையைத் தொடும் கடைசிக் கட்டத்துக்காக வைத்தது அது. சுமார் 2,500 அடிக்குக் கீழே வந்தால்தான் பேசும், அதுவும் ஒரு முள்ளை அசைத்துக் காட்டும், அவ்வளவுதான்.

காதுக்கு வாய் பொருத்தியவர் டான் பேட்மன். கனடாவின் சாஸ்கட்டூன் நகரில் 1932இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்த ஊருக்கு மேலே இரண்டு ராணுவ விமானங்கள் மோதி விழுந்தபோது, பள்ளிச் சிறுவனாக இருந்த அவரும் நண்பனும் வகுப்பிலிருந்து நழுவி விபத்து நடந்த இடத்துக்கு ஓடினார்கள். பார்த்ததை எல்லாம் எழுதித் தரும்படி ஆசிரியை தண்டனை கொடுத்தார். எழுத்துப் பிழைகளைப் பார்த்துவிட்டு, நீ கட்டாயம் எஞ்சினியர்தான் ஆவாய் என்றாராம். ஆசிரியை வாக்கு பலித்தது. சாஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்து, போயிங் நிறுவனத்தில் சில காலம் இருந்து, பிறகு சியாட்டில் நகரை அடுத்த யுனைடெட் கன்ட்ரோல் நிறுவனத்தில் சேர்ந்தார். நிறுவனம் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஹனிவெல் ஆனது. பேட்மன் மட்டும் 2016இல் ஓய்வு பெறும்வரை அங்கிருந்து நகரவில்லை.

1960களின் பிற்பாதியில் அவர் செய்த முதல் பெட்டியில் புதிய உணர்கருவி எதுவும் இல்லை. ரேடியோ உயரமானி, காற்றழுத்த உயரமானி, சக்கரம் இறங்கியதா என்று சொல்லும் சுவிட்ச் என்று விமானத்தில் ஏற்கெனவே இருந்தவற்றின் செய்திகளைச் சேர்த்துப் பார்த்துக் கணக்குப் போடும் மூளை மட்டுமே புதிது. விமானம் அளவுக்கு மீறிய வேகத்தில் தாழ்கிறதா? கீழே நிலம் மேலெழுந்து வருகிறதா? புறப்பட்ட கையோடு உயரம் குறைகிறதா? சக்கரத்தை இறக்காமலேயே தரையை நெருங்குகிறதா? ஓடுபாதைக்கு வழிகாட்டும் சாய்வுக்கோட்டுக்குக் கீழே போய்விட்டதா? இந்த ஐந்து கேள்விகளில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தாலும் பெட்டி குரல் கொடுக்கும். ஆபத்து மிகவும் முற்றிவிட்டால் அது சொல்வது ‘புல் அப்’: மூக்கை உயர்த்து, மேலே ஏறு.

1971 செப்டம்பர் 4. அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 727 ஒன்று ஜூனோ நகரில் இறங்க வரும் வழியில் மலைச்சரிவில் மோதி 111 பேர் இறந்தார்கள். சில வாரங்களில் பேட்மன் நிறுவனத்தின் பீச் பேரன் என்ற சிறு விமானத்தில் தன் பெட்டியை ஏற்றிக்கொண்டு ஜூனோவுக்குப் போய், அதே பாதையில் பறந்து பார்த்தார். பெட்டி கத்தியது. ஆனால் மோதலுக்குச் சில வினாடிகளே மிச்சம் இருந்தன. ஒரு பெரிய ஜெட்டை மேலே திருப்ப அது போதாது. ஏமாற்றத்தோடு திரும்பியவர், பெட்டியின் கணக்கை மாற்றி எழுத உட்கார்ந்தார். அதன் பிறகு எந்த விபத்தானாலும் அவர் கேட்டது ஒன்றைத்தான்: என் பெட்டி இருந்திருந்தால் எத்தனை வினாடி முன்னால் சொல்லியிருக்கும்?

1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி வந்த டி.டபிள்யூ.ஏ. விமானம் வர்ஜீனியாவின் மவுன்ட் வெதர் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். தலைநகரின் வாசலில் நடந்த விபத்து. அதே மாதத்தில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பெரிய பயணிகள் விமானங்கள் அனைத்திலும் பெட்டி இருந்தாக வேண்டும் என்று விதித்தது. மலையில் மோதும் விபத்துகள் அமெரிக்காவில் மளமளவெனக் குறைந்தன.

பெட்டி எங்கும் போனது. கூடவே அதன் குறையும் போனது. மேடுபள்ளமான நிலத்தைக் கடந்து ஒழுங்காக இறங்கிக்கொண்டிருக்கும்போதே சில இடங்களில் அது கத்தித் தீர்த்தது. ‘புலி வருது, புலி வருது’ என்று கூவிய இடையன் கதையாகிவிடும் என்பது பேட்மனுக்குத் தெரிந்திருந்தது. 1983 நவம்பரில் மாட்ரிட் நகரை நெருங்கிய அவியாங்கா நிறுவனத்தின் 747 விமானத்தில் பெட்டி எச்சரித்தபோது, கேப்டன் ‘சரி, சரி’ என்பது போலப் பதில் சொல்லிவிட்டுத் தாழ்ந்துகொண்டே போனார். 181 பேர் இறந்தார்கள். கத்த வைப்பது எளிது, தேவையில்லாமல் கத்தாமல் இருக்க வைப்பதில்தான் எஞ்சினியரின் திறமை இருக்கிறது. பேட்மன் குழு உழைத்ததில் பெரும்பகுதி இதற்குத்தான்: எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுப்பது.

இன்னொரு குறை அதன் உடம்பிலேயே இருந்தது. காது கீழ்நோக்கியது, எதிரே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 1979 நவம்பர் 28 அன்று ஏர் நியூசிலாந்தின் டிசி-10 விமானம் அண்டார்டிகாவில் எரபஸ் மலையை நோக்கிப் பறந்தது. கீழே கடற்பனி சமதளமாக இருந்தவரை பெட்டிக்குச் சந்தேகம் வரவில்லை. சரிவு தொடங்கியதும் குரல் எழுந்தது. அப்போது மிச்சமிருந்தவை சுமார் ஆறு வினாடிகள். 257 பேரும் போனார்கள்.

எதிரே இருப்பதை அறிய இரண்டு வேண்டும்: விமானம் எங்கே இருக்கிறது என்ற விவரம், உலகத்தின் மேடுபள்ளம் முழுவதும் அடங்கிய வரைபடம். முதலாவதை ஜி.பி.எஸ். கொடுத்தது. இரண்டாவது எளிதில் கிடைக்கவில்லை. பல நாடுகள் தங்கள் நிலத்தின் துல்லியமான உயரங்களை ராணுவ ரகசியமாகப் பூட்டி வைத்திருந்தன. பனிப்போர்க் காலத்தில் சோவியத் ராணுவம் உலகம் முழுவதையும் நுணுக்கமாக வரைந்து வைத்திருந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதறியதும் அந்த விவரங்கள் விலைக்கு வந்தன. வாங்கலாம் என்று பேட்மன் தன் நிறுவனத்தை இணங்க வைத்தார். போருக்காக வரைந்த மலைகள் பயணிகளைக் காக்கும் பெட்டிக்குள் குடிபுகுந்தன.

புதிய பெட்டி ஆபத்துக்குச் சுமார் ஒரு நிமிடம் முன்பே எச்சரித்தது. அரை நிமிடம் இருக்கையில் ‘புல் அப்’ என்றது. எதிரிலுள்ள நிலத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் திரையில் காட்டியது. அது விமானங்களில் ஏறுவதற்குள் இன்னொரு பலி. 1995 டிசம்பர் 20 இரவு, கொலம்பியாவின் காலி நகருக்கு வந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 757இன் கணினி, ஓரெழுத்துக் குழப்பத்தால் வேறொரு வழிகாட்டி நிலையத்தைத் தேர்ந்தெடுத்து ஆண்டிஸ் மலைப்பக்கம் திரும்பிவிட்டது. பழைய பெட்டி சுமார் 12 வினாடி முன்னால் கத்தியது. விமானிகள் முழு விசையில் மேலே இழுத்தார்கள். ஆனால் இறக்கை மேல் விரித்திருந்த வேகத்தடைப் பலகைகளை மடக்க விட்டுப்போயிற்று. 163 பேரில் நால்வரே பிழைத்தார்கள். புதிய பெட்டியை முதலில் பெரிய அளவில் வாங்கிய நிறுவனங்களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஒன்று. 2000இல் அமெரிக்கா இதையும் கட்டாயமாக்கி, 2005 மார்ச்சைக் கெடுவாக வைத்தது.

பேட்மன் பெயரில் அமெரிக்காவில் 40க்கு மேலும் பிற நாடுகளில் 80க்கு மேலும் காப்புரிமைகள் உண்டு. கட்டாயம் என்று அரசு சொன்ன பொருளுக்கு ஒருவரிடம் மட்டும் காப்புரிமை இருந்தால் சந்தையே அவர் கையில். போட்டியாளர்கள் தங்கள் சொந்தப் பெட்டிகளோடு வந்தபோது ஹனிவெல் நீதிமன்றம் போனது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. போட்டியாளர்களின் பெட்டிகளும் இன்று பறந்துகொண்டுதான் இருக்கின்றன.

பெட்டி சரியாகச் சொல்லியும் கேட்காத விமானங்கள் உண்டு. 2010இல் போலந்து அதிபர் லேக் கசின்ஸ்கியுடன் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் நகர மூடுபனிக்குள் இறங்கிய விமானத்தில் எச்சரிக்கை திரும்பத் திரும்ப ஒலித்தது. அந்த ராணுவ விமானத்தளம் பெட்டிக்குள் இருந்த விமான நிலையப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே எப்படியும் கத்தும் என்ற எண்ணம் விமானிகளுக்கு வந்திருக்க இடம் உண்டு. 96 பேர் இறந்தார்கள். 2012 மே 9 அன்று இந்தோனேசியாவின் சலாக் மலையில் மோதிய சுகோய் சூப்பர்ஜெட்டில், மோதலுக்கு 38 வினாடி முன்பே குரல் எழுந்தது. வரைபடத்தில்தான் கோளாறு என்று நினைத்துக் கேப்டன் அதை அணைத்துவிட்டார். முதல் எச்சரிக்கைக்குப் பின் 24 வினாடிக்குள் மேலே திருப்பியிருந்தாலும் தப்பியிருக்கலாம் என்று விசாரணை காட்டியது.

இப்போது வெளியிலிருந்தே பெட்டியைக் குழப்புகிறார்கள். ரேடியோ உயரமானி பயன்படுத்தும் 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குப் பக்கத்திலேயே அமெரிக்காவில் 5ஜி சேவை குடியேறியது. இடையூறு வருமோ என்ற அச்சத்தில் 2022 ஜனவரி 19 அன்று ஏர் இந்தியா உட்படப் பல நிறுவனங்கள் அமெரிக்கா செல்லும் சில விமானங்களை ரத்து செய்தன. அதற்காவது உயரமானியில் வடிகட்டி பொருத்தினால் தீர்வு. போர்ப் பகுதிகளில் பொய்யான ஜி.பி.எஸ். அலைகளைப் பரப்புவதோ அடுத்த தலைவலி. தன் இடத்தைத் தப்பாகப் புரிந்துகொண்ட பெட்டி, முப்பதாயிரம் அடிக்கு மேலே, மலையே இல்லாத வானத்தில் ‘புல் அப்’ என்கிறது. விமானிகள் அதன் வாயை அடைத்துவிட்டுப் பறக்கிறார்கள்.

பேட்மன் 2023 மே மாதத்தில் 91ஆம் வயதில் காலமானார். விமானப் பயண வரலாற்றில் இவரைவிட அதிகம் உயிர்களைக் காத்த தனி மனிதர் இல்லை என்று துறையில் பலர் சொல்வார்கள். சில வினாடிகளைச் சுமார் ஒரு நிமிடமாக்க அவருக்குக் கால் நூற்றாண்டு ஆனது. அந்த ஒரு நிமிடம் விமானி நம்பினால்தான் பயன்படும். பொய் ஜி.பி.எஸ்ஸை அடையாளம் கண்டு, அப்போது மட்டும் வாய் மூடி இருக்கும் பெட்டியைச் செய்வதே அவருக்குப் பின் வந்தவர்களின் வேலை. அதுவரை ஒவ்வொரு பொய்க்கூச்சலும், உண்மையான மலை எதிர்ப்படும் நாளுக்காகச் சேர்த்து வைத்த நம்பிக்கையில் கொஞ்சத்தைக் கரைத்துக்கொண்டிருக்கும்.