சிறப்பிதழ் நின்றால் எது நிற்கும்?

விளையாட்டு இதழ்களைத் தொலைக்காட்சிதான் வீழ்த்தியது என்று பலரும் சொல்கிறார்கள். தாமிரபரணிக் கரையின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. அங்குள்ள பாபநாசத்தின் நீர்விசையை நம்பி 1880களில் ஹார்வி நிறுவனம் தொடங்கிய பஞ்சாலை, பக்கத்து விக்கிரமசிங்கபுரத்தைச் சம்பளக்காரர்களின் ஊராக்கியது. நிலையான வருமானமும் பள்ளிப் படிப்பும் சேரும் இத்தகைய ஊர்களை நம்பியே தமிழகத்தில் பத்திரிகைகள் வளர்ந்தன. சென்னையிலிருந்து 'தி இந்து' குழுமம் 1947இல் தொடங்கிய 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' 1968இல் நின்றது. பத்து ஆண்டுகள் கழித்து, 1978இல், அதே குழுமம் 'ஸ்போர்ட்ஸ்டார்' வார இதழைக் கொண்டுவந்தது. தென் மாவட்டங்களில் தூர்தர்ஷன் பரவலாகத் தெரியத் தொடங்கியதோ 1987இல் கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகுதான். அதன் பிறகும் இதழ் தளரவில்லை. திரையில் கண்ட வீரரின் வண்ணப்படத்தைச் சுவரில் ஒட்ட வேண்டும், ஆட்டத்தின் நுணுக்கத்தை நிதானமாகப் படிக்க வேண்டும் என்ற ஆசையைத் தொலைக்காட்சியே வளர்த்தது. உலகக் கோப்பை, ஒலிம்பிக் சிறப்பிதழ்களுக்கு மவுசு கூடியதும் அதனால்தான்.

சரிவு வந்தது இணையத்தாலும் கைப்பேசியாலும். ஸ்கோரும் படமும் அந்த நொடியிலேயே இலவசமாகக் கிடைத்தபோது, கடைக்கு வரும் இதழில் புதுச் செய்தி இல்லாமல் போனது. விளம்பரமும் இடம் மாறியது. இந்தியில் 1978 முதல் வந்த 'கிரிக்கெட் சாம்ராட்' 2020 பெருந்தொற்றில் நின்றது. எல்லாம் இணையத்தில் இருக்கும்போது அச்சு எதற்கு என்று கேட்கலாம். பன்னாட்டு கிரிக்கெட்டுக்கு அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் சிறப்பிதழின் உண்மையான வேலை செய்தி தருவது அல்ல. ஒரு தொடரின் முடிவுகள், அணிப் பட்டியல், படங்கள், மதிப்பீடு ஆகியவற்றைச் சரிபார்த்து, ஒரே இடத்தில், மாற்ற முடியாதபடி பதிந்துவைப்பதே அதன் வேலை. 1864 முதல் இங்கிலாந்தில் வெளிவரும் 'விஸ்டன்' ஆண்டு மலர் இன்றும் அச்சாவது இந்தக் காரணத்தால்தான்.

பாபநாசத்துக்கு அந்த இதழ்கள் என்ன செய்தன என்ற கேள்வி இன்னும் வலுவான மறுப்பு. சென்னை ஆங்கில இதழ்களில் கிரிக்கெட்டும் டென்னிஸும் பெற்ற இடத்தை இந்த வட்டாரத்துக் கபடியும் சிலம்பமும் பெறவில்லை. தமிழில் நவராஜ் செல்லையா நடத்திய 'விளையாட்டுக் களஞ்சியம்' போன்ற முயற்சிகள் அரிதாகவே எழுந்தன. இந்தக் குறையை மறுக்க முடியாது. அதனாலேயே இழப்பு பெரிது. பழைய திருநெல்வேலி மாவட்டத்து மணத்தியில் பிறந்த கணேசன் கபடிக்காக அர்ஜுனா விருது பெற்றார். கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவு ஹாக்கிப் போட்டி அகில இந்திய அணிகளை வரவழைக்கிறது. அவர்களுக்குப் பின்னால் ஊர் ஊராக ஆடிய நூற்றுக்கணக்கானோரின் பெயர்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தோடு மறைந்துவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் வரும் படம் அடுத்த கைப்பேசி வாங்கும்வரைகூடத் தங்குவதில்லை. பெரிய நிறுவனங்கள் கைவிட்ட வேலையைச் சிறிய ஊர்கள் எடுத்துக்கொள்ள முடியும். இன்று அச்சுச் செலவு அதற்குத் தடையில்லை. நெல்லைச் சீமையின் ஒவ்வொரு கபடிக் குழுவும் ஹாக்கிக் கழகமும் ஆண்டுக்கொரு மலரை அச்சிட்டு, அதில் ஒரு பிரதியைத் தங்கள் ஊர் நூலகத்தில் சேர்க்கட்டும்.