பொனிகா, ஜான் ஜே. (1917–1994)

இத்தாலியில் பிறந்த அமெரிக்க மயக்கவியல் மருத்துவர். பல துறையினர் ஒன்றுகூடி அளிக்கும் வலி மருத்துவத்தின் முன்னோடி.

சிசிலிக்கு அருகிலுள்ள ஃபிலிகூடி தீவில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்துடன் நியூயார்க்கில் குடியேறினார். தொழில்முறை மல்யுத்தம் செய்து மருத்துவப் படிப்புக்குப் பொருள் ஈட்டினார். அதில் பட்ட காயங்களால் பின்னாளில் தாமும் தீராத வலியோடு வாழ்ந்தார்.

இரண்டாம் உலகப்போரின்போது வாஷிங்டன் மாநிலத்தின் மாடிகன் ராணுவ மருத்துவமனையில் பணியாற்றினார். நரம்புக் காயமும் உறுப்பிழப்பும் தந்த வலியால் துடித்த வீரர்களுக்குத் தனியொரு துறையின் அறிவு போதவில்லை. எனவே வெவ்வேறு துறை வல்லுநர்களை ஒரே இடத்தில் அமர்த்தி, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் கலந்து பேசி முடிவெடுக்கும் முறையை வகுத்தார். 1953இல் வலி மேலாண்மை குறித்த அவருடைய பெருநூல் வெளிவந்தது.

1960இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மயக்கவியல் துறைத் தலைவரானார். அங்கே நரம்பியல் அறுவை மருத்துவர் லோவெல் வைட், செவிலியர் டோரதி கிரௌலி ஆகியோருடன் பல்துறை வலி மருத்துவமனையை நிறுவினார். அதே பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ், வலி தாக்கும்போதெல்லாம் மருந்து கொடுப்பதற்கு மாறாக, குறித்த நேரத்தில் கொடுத்துப் படிப்படியாக அளவைக் குறைப்பது, உடற்பயிற்சியைச் சிறுகச் சிறுகக் கூட்டுவது போன்ற முறைகளைச் சேர்த்தார்.

பொனிகா 1973இல் இசக்குவா நகரில் கூட்டிய ஆய்வாளர் மாநாட்டிலிருந்து பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் உருவானது. வலியை நோயின் அறிகுறியாக மட்டும் கருதாமல், தனிக் கவனத்துக்குரிய துன்பமாக மருத்துவ உலகை ஏற்கச் செய்ததே அவரது அரும்பணி.