தூதர் வீட்டு மருமகள்

இரண்டாம் உலகப்போர் காலத்திலும் அதை ஒட்டியும் மாஸ்கோவுக்கு வேலையாகப் போன நேச நாட்டு ஆண்கள் சிலர் அங்கேயே பெண் எடுத்தார்கள். தூதரக ஊழியர்கள், செய்தியாளர்கள், சிலி நாட்டுத் தூதரின் மகன் என்று பலரும் இதில் உண்டு. கல்யாணங்கள் சோவியத் சட்டப்படியே பதிவாயின. போர் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போதுதான் சிக்கல். கணவன் போகலாம், மனைவிக்கு வெளியேறும் விசா கிடையாது.

1947 பிப்ரவரி 15 அன்று, சோவியத் குடிமக்கள் வெளிநாட்டவரை மணப்பதையே தடைசெய்து ஓர் ஆணை வந்தது. அடுத்த மாதம் ஜெர்மனியின் எதிர்காலம் பற்றிப் பேச மாஸ்கோ வந்திருந்த பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின், பிரிட்டிஷ்காரர்களின் மனைவியர் விவகாரத்தை ஸ்டாலினிடமே எடுத்தார். பலன் இல்லை. அக்டோபரில் சிலி, மாஸ்கோவுடனான உறவையே முறித்துக்கொண்டது. சம்பந்தி வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுபோனால் பெண்ணை யார் அனுப்பி வைப்பார்கள்?

சிலி, இந்த வழக்கை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனது. 'எங்கள் குடிமகள், எங்கள் உள்விவகாரம்' என்றது சோவியத் தரப்பு. ஐ.நா. சாசனத்திலேயே அதற்கு இடம் இருந்தது. உள்நாட்டு விஷயங்களில் சபை தலையிடக் கூடாது என்பது விதி. சிலியின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான். தூதருக்குரிய சலுகைகள் அவர் குடும்பத்துக்கும் உண்டு என்பது பழைய ராஜதந்திர மரபு. மருமகளும் குடும்பம்தான் என்றால் இது வெறும் உள்விவகாரம் ஆகாது. மருமகள் குடும்பத்தில் சேர்த்தி இல்லையா? நம் ஊர்ப் பாட்டிகள் தீர்த்துவைத்திருக்க வேண்டிய கேள்வி!

1949 ஏப்ரல் 25 அன்று தீர்மானம் 285 நிறைவேறியது. ஆதரவு 39, எதிர்ப்பு 6, நடுநிலை 11. மனைவியரைத் தடுப்பது சாசனத்துக்கு ஒவ்வாதது என்றும், அந்த நடவடிக்கைகளை விலக்கிக்கொள்ள வேண்டும் என்றும் சபை சொன்னது. பிறந்து ஐந்து மாதம்கூட ஆகாத மனித உரிமைப் பிரகடனத்தையும் துணைக்கு அழைத்தது. ஆனால் பொதுச்சபைத் தீர்மானம் வெறும் பரிந்துரைதான். மாஸ்கோ அசையவில்லை.

மனைவியை விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டவர்களில் ஒருவர் அமெரிக்கரான ராபர்ட் டக்கர். 1944-இல் தூதரக வேலைக்கு வந்து, 1946-இல் யெவ்கேனியாவை மணந்தவர். சோவியத் பத்திரிகைகளை மொழிபெயர்ப்பது அவருக்குத் தொழிலாயிற்று. தினமும் ஸ்டாலின் துதியைப் படித்துப் படித்து அலுத்த அவர் கையில் உளவியலாளர் கரேன் ஹார்னியின் புத்தகம் ஒன்று சிக்கியது. இத்தனை புகழுரையும் ஒரு நோயுற்ற மனத்தின் தேவையோ என்று யோசிக்கத் தொடங்கினார்.

1953 மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்தார். நான்கு ஆண்டுகளாக 39 நாடுகளின் வாக்குக்குத் திறக்காத கதவு சில மாதங்களில் திறந்தது. டக்கர் தம்பதியும் கிளம்பினார்கள். பின்னாளில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரான டக்கர் எழுதிய ஸ்டாலின் வரலாற்றின் முதல் பாகம் 1973-இல் வெளிவந்தது. டக்கரின் மாமியார் அமெரிக்கா வந்து சேரத்தான் மேலும் சில ஆண்டுகள் பிடித்தன.